இரண்டு கொப்பி

பம்பலப்பிட்டியில் மூன்றாம் மாடி,
கடை இலக்கம் முப்பத்தொன்று.
நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கும் கடைசிச் சாமான்
ஒரு டிவிடி றைட்டர் என்று
கல்யாண எழுத்தன்று யாரும் சொல்லியிருந்தால்
சிரித்திருப்போம்.

பழையது ஆறு மாதம் தாங்கவில்லை.
தொண்ணூற்றேழு வீதம் வரை எழுதும்,
பிறகு இருமும், நிற்கும்,
தட்டைத் துப்பும்.
வெள்ளவத்தை வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும்
நாற்பது அடி.
மாத்தறை ரயில் போகையில் மேசை நடுங்குவதால்தான்
என்பது என் கட்சி.
மலிவுக்கு வாங்கினால் இப்படித்தான்
என்பது நிமலரூபனின் கட்சி.
வாங்கியது நான்.

பழுதான தட்டுகளை நூலில் கட்டி
பல்கனியில் தொங்கவிட்டேன், காகங்களுக்காக.
ஒன்று வந்தது.
தட்டில் தன் மூஞ்சியைப் பார்த்தது,
தலை சாய்த்து மறுபடி பார்த்தது,
மீன்தலையை எடுத்துக்கொண்டு போனது.

கடைப் பெடியன் இஃப்ஹாம்
கண்ணாடி மேல் மூன்று பெட்டி வைத்தான்.
'இது வடிவு. லைட் எல்லாம் எரியும்.
மூணு மாசத்தில திரும்பி வருவீங்க.
இது எதையும் வாசிக்கும், எழுதத்தான் சோம்பல்.
இது சத்தம் போடும், மிஸ்.
ஆனா தொடங்கினா முடிக்கும்.'

வரண்டி எவ்வளவு என்றார் இவர்.
'ஒரு வருஷம். வீடு கடலுக்குக் கிட்டவா?
உப்புக் காத்தில லென்ஸ் மங்கினா
எந்தக் கொம்பனியும் பொறுப்பில்ல.'

ஒரு வருஷம் யாருக்கு வேண்டும்.
எங்களுக்குத் தேவை இரண்டே தட்டு.
பதினொரு வருஷப் படங்கள், நாலு ஜிபி சொச்சம்,
அவருக்கொன்று எனக்கொன்று.
சட்டத்தரணியின் பட்டியலில் அலுமாரி இருக்கிறது,
பிரிஜ் இருக்கிறது, பிரஷர் குக்கர்கூட இருக்கிறது.
படங்களுக்கு ஒரு வரியில்லை.

'கலியாண வீடியோவா மிஸ்?'
ஓம் என்றோம்
ஒரே நேரத்தில்.

'வேகத்துக்கு ஆசைப்படாதீங்க.
பெட்டியில பதினாறு எண்டு போட்டிருக்கும்.
எட்டில எழுதுங்க. நாலெண்டா இன்னும் நல்லம்.
எழுதி முடிஞ்சதும் ஒருக்கா சரிபார்க்க விடுங்க.
ஆரும் செய்யிறதில்ல.
தட்டு வெளிய வந்தா சரியெண்டு நினைக்கிறாங்க.'

சத்தம் போடுவதையே எடுத்தோம்.
நாலாயிரத்து முந்நூறு. ஆளுக்குப் பாதி.
மீதிச் சில்லறையை எண்ணி
என் உள்ளங்கையில் வைத்தார்.
முந்தியெல்லாம் எண்ணமாட்டார்.

இரவு கணினியின் வயிற்றைத் திறந்தோம்.
ஒட்டடை, பஞ்சுப் பஞ்சாய்த் தூசி,
எப்போதோ தொலைத்த என் கொண்டை ஊசி ஒன்று.
டோர்ச் அவர் கையில், வயர் என் கையில்.
நாலு ஆணிக்கு இரண்டுதான் பூட்டினார்.
கழற்ற வேண்டிவருமே என்றார்.
கழற்றி யார் கொண்டுபோவது என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பெட்டியில் பேர்னர் என்றிருக்கிறது,
ஊரெல்லாம் றைட்டர் என்கிறது.
எரிக்கிறதோ எழுதுகிறதோ,
உள்ளே ஒரு சிவப்பு ஒளி
பொறுமையாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது.

தொண்ணூற்றைந்து.
தூரத்தில் கோர்ன் சத்தம்.
தொண்ணூற்றாறில் யன்னல் கண்ணாடி அதிரத் தொடங்கியது.
யார் முதலில் என்று நினைவில்லை,
இருவரும் எழுந்து
மேசையை இரண்டு பக்கமும் அமத்திப் பிடித்தோம்,
வலிப்பு வந்த பிள்ளையைப் பிடிப்பதுபோல்.
பெட்டி பெட்டியாய் வெளிச்சம்
அவர் முகத்தில் ஓடியது.
தொண்ணூற்றெட்டு.
ரயில் போய் நெடுநேரமாகியும்
கையை எடுக்கவில்லை.

பிறகு அது சரிபார்க்கத் தொடங்கியது,
முதற் படத்திலிருந்து,
இருக்கிறதா இருக்கிறதா என்று.
இருந்தது.

அவர் மார்க்கரை எடுத்து
தட்டின் மேல் ஒன்று என்று எழுதினார்.
மற்றதை எட்டில் விடுவமா,
நேரம் போகுது என்றார்.

நாலில் என்றேன்.